வெள்ளைப்பூ ரகம்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் மரக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவில் எந்த மரம் வைப்பது என்று முடிவு செய்வதுதான் நகராட்சிப் பூங்காப் பிரிவில் முப்பது வருடமாக அவர் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். மின்கம்பி எவ்வளவு உயரம், வேர் நடைபாதையைத் தூக்குமா, காய் விழுந்து யாராவது வழுக்குவார்களா, எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே மரத்தில் பத்து ரகம் இருக்கும். ஒன்று அகலமாக விரியும், இன்னொன்று ஒல்லியாக மேலே போகும். ஒரு ரகத்தை முடிவு செய்ய மாமா ஒரு வருடம் எடுத்துக்கொள்வார். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்கிற மனிதர் என்று அக்கா கேலி செய்வாள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு முறை அவசரப்பட்டார்.

பதினெட்டு வருடம் முன்பு எங்கள் சாலையை அகலப்படுத்தினார்கள். பழைய மரங்கள் எல்லாம் போயின. சாலை மொட்டையாகிவிட்டது என்று ஜனங்கள் கத்த, உடனே ஏதாவது நடு என்று மேலே இருந்து நெருக்கினார்கள். மாமா ஒரு நர்சரிக்குப் போனார். அங்கே இந்த வெள்ளைப்பூ ரகம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, இலையே தெரியாமல் பூத்து நின்றது. புது ரகம், ஒரே தாய் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றுகள். எல்லாவற்றுக்கும் ஐந்து வயது. வேறு எந்த ரகமாக இருந்தாலும் வயதான மரம் ஒன்றைக் காட்டு என்று ஒற்றைக்காலில் நிற்பவர், அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்ட யாரிடமும் இல்லை.

“பூவப் பாத்து மயங்கிட்டேன்டா” என்றார் என்னிடம், ரொம்ப காலம் கழித்து.

நூற்று நாற்பது மரம் நட்டார். வருடத்தில் மூன்று வாரம் சாலை முழுக்க வெள்ளையாக இருக்கும். மாமாவும் அக்காவும் சாயந்திரம் அந்தப் பக்கம் நடந்து போவார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் அவரை நிறுத்திப் பாராட்டுவார்கள். அதே சாலையில்தான் என் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊர்க்காரர்களின் பார்வையைச் சரிசெய்கிற நானும் தினமும் அந்த மரங்களைப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை.

போன வருடம், காற்றே இல்லாத ஒரு மத்தியானம், ஒரு மரம் இரண்டாகப் பிளந்து நின்றிருந்த கார் மேல் விழுந்தது. காரில் யாரும் இல்லை. மாமா வந்து பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு பெரிய கிளைகளும் நெருக்கமாக, நேர் மேலே ஏறியிருந்தன. அவை பிரிகிற கவையில், இரண்டையும் பிணைக்க வேண்டிய கட்டைக்குப் பதிலாகக் கறுத்த பட்டைதான் இருந்தது.

“ஒட்டி ஒட்டி வளந்திருக்கு. ஆனா உள்ள ஒட்டவே இல்ல” என்றார்.

ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே வயது. மிச்சம் நூற்று முப்பத்தொன்பதிலும் இதே கவைதான். அன்று முதல் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒரேயடியாக முடியாது, தவணைக்கு இருபதாக வெட்டலாம் என்றார் அதிகாரி. எதை வெட்டுவது என்று மாமா சிவப்பு பெயிண்டில் அடிமரத்தைச் சுற்றி வளையம் போடுவார். வளையம் இல்லாத மரத்தில் ஆட்கள் ரம்பம் வைக்க மாட்டார்கள்.

பெயிண்ட் டப்பாவோடு இறங்கியவரைச் சாலையே கரித்துக் கொட்டியது. நட்டபோது பாராட்டியவர்கள்தான். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரிடம் சண்டைக்கே போனேன். மாமா அடுத்த மரத்துக்குப் போய் வளையம் போட்டார்.

என் கடைக்கு எதிரே இருந்த மரத்தடியில் ஒரு தையல்காரம்மா மெஷின் போட்டிருந்தார். அவர் மரத்துக்கும் வளையம் விழுந்தது. மறுநாள் மாமா வந்தபோது அந்தம்மா மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

“பாத்தா தெரியலையா? அழிக்கிறேன். நீங்கதானே நட்டீங்க, நீங்களே வெட்டுவீங்களா?”

“கவை சரியில்லம்மா. எப்ப வேணா பிளந்துக்கும்.”

“மேல பாருங்க சார், மொட்டு விட்டிருக்கு. பூத்து முடியட்டும். அப்புறம் நானே கூப்பிட்டு வளையம் போடச் சொல்றேன். இந்த வெயில்ல நான் எங்க போய் உக்காருவேன்?”

மாமா மேலே பார்த்தார். டப்பா கையில்தான் இருந்தது, பிரஷ்ஷும் இருந்தது. மூன்று வாரம்தானே என்று நினைத்திருக்கிறார். திறந்த டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்து பத்தொன்பது மரத்தை வெட்டிவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் மரம் முழுக்கப் பூத்திருந்தது. விடியற்காலையில் மழை. அத்தனை பூவும் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கியது. பதினோரு மணிக்குத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தேன். மெஷின் தெரியவில்லை, அந்தம்மாவும் தெரியவில்லை, வெள்ளைப் பூதான் தெரிந்தது. கிளையைத் தூக்க நாங்கள் ஒன்பது பேர் தேவைப்பட்டோம். உயிர் இல்லை.

மாமா வந்தார். அடிமரத்தில் பட்டை வெடிப்புக்குள் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதற்கப்புறம் எல்லா மரத்தையும் ஒன்பது நாளில் வெட்டினார்கள். வளையம் எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரி அவர் தோளைத் தட்டி, “நீங்க அப்பவே எழுதிக் குடுத்தீங்க சார், உங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். மாமா நடந்ததைச் சொன்னார். அதை வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுந்து கதவைச் சாத்தினார் அதிகாரி.

மாமாவால் அதை அடக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு தையல்காரம்மாவின் மகள் வீட்டுக்குப் போனார். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போனார். மூலையில் வளைந்துபோன மெஷின் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அழிந்த வளையத்தைத் திரும்பப் போடாமல் வந்ததைச் சொன்னார்.

“தெரியும் சார்” என்றாள் அந்தப் பெண். “அன்னிக்கே அம்மா வந்து சொன்னாங்க. மரக்காரர் ரொம்ப நல்ல மனுஷன், ஒரு வார்த்த சொன்னதும் விட்டுட்டுப் போயிட்டாருன்னு.”

நான்தான் மாமா கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.