பரமு அண்ணனின் டிரம்மிலிருந்து நான் எடுத்த கட்டை

பரமு அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லையாம்.

அவரைப் பற்றி ஒரு விஷயத்தை அவர் இருக்கும்போதே என் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்று இங்கே எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க்காக இருந்தேன். அவர் ரீச் ஸ்டாக்கர் டிரைவர். கண்டெய்னரைத் தூக்கி அடுக்குமே, அந்த ராட்சச வண்டி.

நாற்பது அடிப் பெட்டியை முட்டையை வைப்பதுபோல் இறக்குவார். வரிசையில் நிற்கும் டிரெய்லர்காரர்கள் ஹாரன் அடித்து உயிரை எடுப்பார்கள். கேபினிலிருந்து தலையை நீட்டி, "இன்னாத்துக்கு அட்ச்சிகினு கீற? பொட்டி எறங்கும்போது எறங்கும்" என்பார். அவ்வளவுதான்.

மனிதருக்கு மீன் தொட்டி என்றால் உயிர். அதிலும் முக்கியமாகத் தொட்டிக்குள் வைக்கிற மரக்கட்டை.

மழை ஓய்ந்ததும் முகத்துவாரக்குப்பம் பக்கம் போய், கரை ஒதுங்கிக் கிடக்கும் வேர், கிளை எல்லாம் பொறுக்கி வருவார். ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பார். லேசாக எண்ணெய் வாடை அடித்தாலும் அங்கேயே போட்டுவிடுவார், எவ்வளவு அழகான கட்டையாக இருந்தாலும் சரி.

பட்டையைச் சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் பொந்து பொந்தாகத் தேய்த்து, மொட்டை மாடியில் அண்டா வைத்து வேகவைப்பார். "கட்டைய வேக வெச்சிகினு ஒக்காந்துகீற ஆம்பளைய எங்கியாச்சும் பாத்துகிறியாப்பா?" என்று அண்ணி என்னிடமே கேட்டிருக்கிறார்.

வெந்த கட்டை யார்டு கேன்டீனுக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மில் ஊறும். தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் தண்ணீர் மாற்றுவார். மாற்றும் முன் ஒரு வெள்ளைக் கப்பில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். டீ நிறத்தில் இருந்தால் இன்னும் சாறு இறங்குகிறது என்று அர்த்தம்.

ஒருமுறை புதிதாக வந்த டிரெய்லர் டிரைவர் அந்தக் கப்பை எடுத்துக் குடித்தேவிட்டார். "சக்கர கம்மியா கீதுப்பா" என்றார். யார்டே சிரித்தது...

தண்ணீர் தெளிய வேண்டும். கட்டை தானாக அடியில் போய் உட்கார வேண்டும். இரண்டும் நடக்காமல் வெளியே எடுக்கமாட்டார். எங்கள் மேனேஜர் வந்து கேட்டபோதும் கொடுக்கவில்லை.

என் தங்கை நந்தினி வியாசர்பாடி வீட்டில் ஆறு ஏஞ்சல் மீன் வளர்த்தாள். ஆறுக்கும் பெயர் உண்டு. அவளுக்காக ஒரு கட்டை கேட்டேன். "பதினஞ்சு நாளு பொறு நைனா" என்றார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா இல்லாத வீடு. ஹாலாவது பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று எனக்கு.

சனிக்கிழமை அண்ணன் லீவு. டிரம்மில் கைவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் "பரமு அண்ணன் குடுத்தாரு" என்று சொன்னேன்.

தொட்டியில் போட்டால் மிதக்கிறது. யார்டுக்காரன் புத்தி எங்கே போகும்... வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு பழைய ட்விஸ்ட் லாக் வைத்திருந்தேன். கண்டெய்னரை டிரெய்லரோடு பூட்டுகிற இரும்புக் கட்டி. சோப்புப் போட்டுக் கழுவி, கட்டையோடு சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கினேன். மூழ்கியது. பெரிய இன்ஜினியர் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் சோபாவில், கையில் பஜ்ஜித் தட்டு. தொட்டியில் தண்ணீர் டீயாக நிற்கிறது. இரும்புக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் மேலே படலமாகக் கிடக்கிறது. ஆறு மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

நந்தினி பட்டுப்புடவையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அரை மணியில் பைக்கில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் கேன்... அவர் வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீர், ஏற்கெனவே மீன் இருந்து பழகிய தண்ணீர். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து மீன்களை ஒவ்வொன்றாக வலையில் ஏந்திப் பக்கெட்டுக்கு மாற்றினார்.

அப்புறம் கட்டையைத் தூக்கினார். அடியில் ட்விஸ்ட் லாக். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாப்பா, நீ குட்த்த கட்டையால இப்டி ஆயிப்போச்சே?" என்று அம்மா கேட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமாம்மா. நாந்தான் அவசரப்பட்டு குட்த்துட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் யார்டில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடு நைனா. அந்த வூட்ல ஆம்பள தொண நீ ஒர்த்தன்தான? வந்தவங்க முன்னாடி உன்னிய வுட்டுக் குடுக்க முடியுமா?" என்றார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு, "அதுக்குன்னு ட்விஸ்ட் லாக்காடா..." என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மீன்கள் ஆறும் பிழைத்தன. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அவர்களுக்கு வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கும்... ஆனால் அம்மா அன்றிலிருந்து அவரை "அவசரக்காரன்" என்றுதான் சொல்லும். பின்னால் நந்தினிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தபோது, அவருக்குப் பத்திரிகை வேண்டாம் என்றது. அப்போதும் நான் சும்மாவே இருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஆகப் பொறுமையான மனுஷன் அவர். எங்கள் வீட்டில் மட்டும் அவசரக்காரன்.

நந்தினி... இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அவர் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். இப்போது எனக்கு வேலை ஒரகடத்தில்; அங்கிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வந்துகினே கீறேன்ணா.