கும்மிடிப்பூண்டியில் என்னை முழிக்க வைத்த "மு"

மூளை எப்படிப் பார்க்கிறது, கணினி நரம்பு வலைக்கு (நியூரல் நெட்வொர்க்) அதை எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் என் ஆராய்ச்சி. பித்தளை வால்வுகளின் படங்களைப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்க ஒரு வலையைப் பழக்கியிருந்தேன். மெல்லிய விரிசல் என்றால் கோட்டை விட்டுவிடும். வெள்ளிக்கிழமை முனைவர் பட்ட ஆய்வுக் கமிட்டி முன் நிற்க வேண்டும். சொதப்பினால் மூன்று வருட உழைப்பு போச்சு. அதனால் செவ்வாய்க்கிழமை, படங்கள் எடுத்த இடத்துக்கே கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 6.50 மின்சார ரயில், டிக்கெட் பதினைந்து ரூபாய். மீஞ்சூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. சுமார் 48 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

"இன்னா மேடம், இன்டர்வியூவா?" என்றார் டிரைவர்.

"பரீட்சைண்ணா" என்றேன். பொய்யில்லை.

படங்கள் எடுத்த அந்த வால்வு ஷெட்டில் வால்வுகளைச் சரிபார்ப்பவள் என் அக்கா ஸ்டெல்லா. எங்கள் குடும்பத்தில் வயல் கூலியை விட்டு கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினேன். கழித்த வால்வில் சாக்பீஸால் பெருக்கல் குறி. சிலவற்றில் மட்டும் "மு". சரிபார்த்து முடிந்தது என்று நானாக நினைத்து, அவற்றையெல்லாம் நல்லவை பக்கம் சேர்த்திருந்தேன்.

அக்கா தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி! அது முடிஞ்சது இல்லடி, முழிக்குது! இத்தப் படிக்கவா உன்ன அனுப்னேன்?"

பிறகு ஒரு வால்வை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்தாள். "சும்மா வச்சினு பாத்தா தெரியாது. ஆட்டிக்கினே பாரு. வெளிச்சம் வழுக்கிக்கினு ஓடும். விரிசல் இருக்குற எடத்துல மட்டும் நின்னுகினு நம்மளயே முழிக்கும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கண் அசைவை வைத்துத்தான் பார்க்கிறது என்று வகுப்பெடுக்கும் நான், வலைக்கு அசையாத படங்களையே ஊட்டியிருக்கிறேன்!

மதியம் வரை அக்கா வால்வுகளை ஆட்ட ஆட்ட நான் வீடியோ எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வலையைப் புதிதாகப் பழக்கினேன். நாலு மணிக்கு, அது பார்த்தே இராத இருபது வால்வுகள். அவற்றில் ஏழு முழிப்பவை. வலை ஆறைப் பிடித்தது. ஏழாவதைப் பிடித்தது அக்கா.

போக நினைப்பவர்களுக்கு: கேட்டில் முன்அனுமதி வேண்டும், செருப்போடு விட மாட்டார்கள், ஷூ அவசியம். திரும்பும் ரயில் ஆறு மணிக்கு மேல் நெரிசல். அங்கே யாராவது ஒற்றை எழுத்தில் எதையாவது எழுதியிருந்தால், என்னைப் போல் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி ஒப்புக்கொண்டது. கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வரும் என்று அக்காவிடம் போனில் சொன்னேன்.

"முழுப் பேரா போடுடி" என்றாள். "சுருக்கி எழுதுனா நீ வேற எதுனா நெனச்சிக்குவ."