ஹாட் ராடுக்குச் சாம்பார் பொடி

கார் ரிப்பேரில் துருப்பிடித்த போல்ட்டைக்கூடக் கழற்றிவிடலாம். "நீ தள்ளி நில்லும்மா" என்பவரை அசைக்க முடியாது. தள்ளி நின்றே கால் வலித்த சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாகர்கோவிலில் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்து, லீவுக்கு அபுதாபி வந்திருந்தேன். அப்பா அங்கே முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் ஃபோர்மேன். அங்கே வந்தவை ஹாட் ராட்கள்: பழைய அமெரிக்கக் காரின் பானெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரிக்குப் போதுமான என்ஜினைத் திணித்த வண்டிகள். அசல் பாகம் கப்பலில் வர வாரக்கணக்காகும். அதுவரை கைவைத்தியம்தான்.

எனக்குக் கம்ப்யூட்டரிலிருந்து மெக்கானிக்கலுக்கு மாற வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். ஒரு வாரம் வாதாடினேன். கடைசியில் இறங்கி வந்தார்: "கஸ்டமரு ஒருத்தன் தானா வந்து 'இவ பாக்கட்டும்'னு சொல்லட்டு. அன்னைக்குக் கையெழுத்துப் போடுதேன், மக்ளே."

மணக்கும் ரேடியேட்டர்

முதலில் வந்தது ஒரு நீல வண்டி. ரேடியேட்டரில் ஊசி முனை ஓட்டை. நம்மூர் லாரிக்காரர்கள் இதற்கு மஞ்சள் பொடி போடுவார்கள் என்றேன். வெல்டர் முருகேசன் அண்ணன் ரூமுக்கு ஓடி ஒரு டப்பாவோடு வந்தார். கராஜ் ஆட்கள் தங்கும் அந்த ரூமின் சமையலறையில் எல்லாப் பொடியும் ஒரே மாதிரி ஜூஸ் பவுடர் டப்பாவில்தான் இருக்கும். கொட்டிய பிறகுதான் தெரிந்தது, அது சாம்பார் பொடி.

ஓட்டை அடைபட்டுவிட்டது! ஆனால் என்ஜின் சூடேற ஏற, கராஜ் முழுக்கக் கல்யாணப் பந்தி வாசம். வண்டிக்கார அரபிப் பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "யா பாய், இது கராஜா, ஹோட்டலா?"

என்ஜினுக்கு ஸ்டெதாஸ்கோப்

அடுத்த வண்டி நின்ற இடத்தில் உதறியது. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, இடம் தெரியவில்லை. அம்மா நர்ஸ். அவருடைய பழைய ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தைக் கழற்றிவிட்டு, குழாய் நுனியை என்ஜினைச் சுற்றி நகர்த்தினேன். கார்புரேட்டருக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. இடையில் வைக்கும் கேஸ்கட் அட்டை கிழிந்திருந்தது. கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையில் ஒன்று வெட்டி வைத்தேன்; உதறல் நின்றது.

நியாயமாக எனக்கு ஒரு சபாஷ் வந்திருக்க வேண்டும். நான் காதில் குழாயோடு குனிந்திருந்தபோது அந்த மலையாளி கஸ்டமர் கேட்டது இதுதான்: "டாக்டரே, ஆணா, பொண்ணா?"

ஈரத் துப்பட்டா

சலீம் என்ற எமிராத்தி இளைஞரின் சிவப்பு வண்டி காலையில் சிங்கம், மதியத்தில் சிக்னலுக்குச் சிக்னல் படுக்கும். கார்புரேட்டரைக் கழற்றணும் என்றார் அப்பா.

"கார்புரேட்டர் கெட்டிருந்தா காலையிலயும்லா நிக்கணும்? என்ஜின் சூட்டுல குழாய்க்குள்ளயே பெட்ரோல் ஆவியாகுதுப்பா."

"ஒரு வருஷம் படிச்சதுக்கே இவ்வளவு வாயா?"

மறுநாள் மதியம் வண்டி எங்கள் கேட்டிலேயே நின்றது. சாயங்காலம் சலீமுக்குக் கார் கண்காட்சி. அப்பா ஸ்பானர் எடுக்கப் போன நேரத்தில், என் துப்பட்டாவைத் தண்ணீரில் முக்கி பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் சுற்றினேன். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினார் சலீம். உறுமியது பாருங்கள், பக்கத்துக் கராஜ்காரர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள்! பிறகு அந்தக் குழாயை என்ஜினை விட்டு விலக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

நான் ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. விண்ணப்பம் கையெழுத்தில்லாமல்தான் கிடந்தது. அன்று சலீம் தன் மச்சானின் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா கை துடைத்தபடி எழுந்தார். சலீம் கையை நீட்டித் தடுத்து, அரபியும் இந்தியும் கலந்து சொன்னது தமிழில் இது: "ஃபோர்மேன் மாஃபி, வேண்டாம். அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

அப்பா அந்த கிரீஸ் கையோடேயே கையெழுத்துப் போட்டார். நான் மெக்கானிக்கல் படிக்க மூன்று என்ஜின்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் தம்பி அதே படிப்பைக் கேட்டபோது, அப்பா பேனாவை மட்டும்தான் கேட்டார்.