சித்தப்பாவின் சிங்கப்பூர்ப் பெட்டி

புக்கிட் காதிலில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் போன மாதம் ரெக்கார்டு சுழற்றும் கருவி ஒன்று வாங்கினார். ஊரெல்லாம் ரெக்கார்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுக் குறுந்தட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுத்து ஒரு தட்டையும் ஒரு கையையும் வாங்கி வந்திருக்கிறார். பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, "சொல்லுங்க, குடுத்த காசுக்குத் தகுமா தகாதா?" என்று கேட்டார்.

நான் பொதுவாக வாயை மூடுகிற ஆள் இல்லை. சாவு வீட்டில்கூட எதையாவது சொல்லிப் பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கவைத்து மனைவியிடம் கிள்ளு வாங்குகிறவன். அன்று மட்டும் "காப்பி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதே கேள்விக்கு ஒன்பது வயதில் நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆயுளுக்கு அது போதும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரச் சில வாரங்கள் இருந்த சமயம். காஜா பெராங்கில் தகரக்கூரை போட்ட பலகை வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, சித்தி என்று ஐந்து பேர். சித்தப்பா ரப்பர் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதிர்ந்து பேசாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒருநாள் சிங்கப்பூருக்குப் போய், லாரியில் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் கனத்த இரும்புத்தட்டு வைத்த பாட்டுப்பெட்டி. கூடவே அம்மாவின் அலமாரி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.

விலையைக் கேட்டதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவின் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல்.

"டேய், என் பெட்டி பாடலியா? கைப்பெட்டி மாதிரி தூக்கிட்டுப் போலாம். டவுன்ல வாங்குனது. அதுல வர்ற பாட்டுதானடா இதுலயும் வரும்? இதுல என்ன, பாடுறவன் எந்திரிச்சு வந்து காலு அமுக்கி விடுவானா?"

"ஒரு மாசம் இருக்கட்டும் அண்ணே. பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்கிறேன்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்."

சித்தப்பா அவ்வளவுதான் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசாத காரணம் அது. சித்திக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. கல்யாணமான மறுவருஷம் ஒரு காய்ச்சலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக. கல்யாணத்துக்கு முன் நன்றாகப் பாடுவார்களாம். சுருதி பிடிபடாமல் போனதும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் பெட்டி பாடும்போது சித்தி பாட்டைக் கேட்கமாட்டார்கள், எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் தலையாட்டினால் தாங்களும் ஆட்டுவார்கள்.

எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்தி அடுப்படியில் இருந்தால் முதுகுக்குப் பின்னால் பலகை அலமாரியைத் திறந்து முறுக்கு டின்னையே காலி பண்ணலாம். 

சிங்கப்பூர்ப் பெட்டி வந்த அன்று மாலை சித்தப்பா ஒரு வீணை ரெக்கார்டைப் போட்டார். சித்தி நாலு முழம் தள்ளி நாற்காலியில் இருந்தார்கள். முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். அப்புறம் எங்களை விட்டுவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். மடியில் கிடந்த வலது கை தானாக எழுந்து தொடையில் தாளம் போட்டது. மிருதங்கம் நிற்கிற இடத்தில் கையும் நின்றது. சித்தப்பா சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அவருக்குச் சளி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் பாட்டு. சித்தப்பா எனக்கும் பெட்டியின் ஊசிக்கையைத் தூக்கி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். "முட்டையை வைக்கிற மாதிரி வையி. ஊசி முனையில ஒரு கல்லு இருக்கு. கடுகுல நூத்துல ஒரு பங்கு. அதுதான் பாட்டை எடுக்குது. அது போச்சுன்னா எல்லாம் போச்சு." வீட்டில் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் அப்பா விடுவதாக இல்லை. தினமும் ஒரு குத்தல். கடைசியில் அவரே ஒரு பந்தயம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடத்தில் போர்வை கட்டுவது. போர்வைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஒரே ரெக்கார்டு, முதலில் ஒன்றில், அப்புறம் மற்றதில். எது எது என்று யாருக்கும் சொல்வதில்லை. எது நல்ல பாட்டு என்று கேட்கிறவர்கள் சொல்லட்டும்.

"சரிண்ணே" என்றார் சித்தப்பா. "ஆனா கடைசி வார்த்தை அவதான் சொல்லணும். அவளுக்கு ரெண்டும் ஒண்ணுன்னா நாளைக்கே கட்டிக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அவ என்றது சித்தியை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பெரியவர்கள் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தார்கள். சித்தி மட்டும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் மெர்டேக்கா, அதாவது சுதந்திர ஊர்வலப் பேச்சு. எனக்கும் ஒரு ஊர்வலம் நடத்த ஆசை. சேர்த்துவைத்திருந்த சோடா மூடிகளைக் கொண்டுவந்து சிங்கப்பூர்ப் பெட்டியின் இரும்புத்தட்டில் வட்டமாக வைத்தேன். ஒவ்வொரு மூடியும் ஒரு கார். நடு ஆணியில் காகிதக்கொடி. விசையைத் தட்டினேன். ஊர்வலம் ஜோராகப் புறப்பட்டது. மெதுவாகப் போன ஊர்வலத்தைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. வேகத்தைக் கூட்டினேன்.

கார்கள் பறந்தன. ஒன்று போய் ஊசிக்கையில் அடித்தது. கை அதன் தாங்கியை விட்டு எகிறி, சுழலும் இரும்பில் விழுந்து, வறட்டென்று ஒரு சத்தத்தோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போனது. கொல்லன் பட்டறையில்கூட அப்படி ஒரு சத்தம் வராது. அடுப்படியில் சித்தி திரும்பவில்லை. உள்ளே அப்பாவின் குறட்டை ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அலாமாக்!

ஊசியைப் பார்த்தேன். ஒருபக்கமாக மடங்கிக் கிடந்தது. நகத்தால் நிமிர்த்தினேன். நிமிர்ந்து நின்றது, முனையில் கல் இல்லை. தரையில் குப்புறப் படுத்துத் தேடினேன். பலகை இடுக்கில் ஒன்று மின்னியது. விரலை நனைத்து ஒட்டி எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீனி.

அப்புறம் நான் யோசித்ததையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மூவார் பஸ்ஸில் ஏறி ஓடிப்போய் அங்கே பெயரை மாற்றிக்கொண்டு வாழ்வது என்று தீர்மானித்துத் தெருமுனைவரை போனேன். மூவாரில் மூன்றரை மணிக்கு யார் தேநீரும் பலகாரமும் கொடுப்பார்கள் என்ற கேள்வி எழுந்ததும் திரும்பினேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் இருக்கும் திசையை நோக்கி நின்று நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். அத்தனை தேங்காயை யார் தூக்குவது என்று பயந்து பதினொன்றாகக் குறைத்தேன். அதற்குள் நாலு மணி ஆகிவிட்டது.

கூடத்தில் போர்வை கட்டியாகிவிட்டது. நடுவராகப் பக்கத்து வீட்டு சிட்டி மாமா வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். சிட்டி என்றால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட நம் ஆட்கள்; தமிழில் அவருக்குச் சாமி பெயர்கள் மட்டும்தான் வரும். அதனாலேயே பாரபட்சம் இருக்காது என்று அப்பா கூட்டி வந்திருந்தார்.

சித்தப்பா போர்வைக்குப் பின்னால் போக எழுந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"நீ போடக் கூடாது. கனைச்சுக் கினைச்சு ஜாடை காட்டிடுவே."

"அப்ப நீங்களும் போடக் கூடாது."

"பையன் போடட்டும்" என்றார் அம்மா. "சின்னப் பிள்ள. அவனுக்குச் சூது வாது தெரியாது."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வீட்டில் சூதுவாது தெரிந்த ஒரே ஆளைப் பிடித்துப் போர்வைக்குப் பின்னால் அனுப்பிவைத்தார்கள்.

முதலில் அப்பாவின் பெட்டியில் போட்டேன். வீணை பாடி முடித்தது. ரெக்கார்டை எடுத்தேன். இனி சிங்கப்பூர்ப் பெட்டி. கல் இல்லாத ஊசியை வைத்தால் மறுநொடியே விஷயம் வெளியாகிவிடும். சிங்கப்பூர்ப் பெட்டியின் விசையை எல்லாருக்கும் கேட்கும்படி 'டக்'கென்று தட்டினேன். அப்புறம் அதே ரெக்கார்டை அப்பாவின் பெட்டியிலேயே மறுபடியும் போட்டேன்.

போர்வையில் ஒரு கிழிசல் இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். சிட்டி மாமா கோயிலில் நிற்பதுபோல நின்றார். சித்தப்பா பாட்டைக் கேட்கவே இல்லை. சித்தியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மடியில் கிடந்தது. பாட்டு முடியும்வரை அப்படியே கிடந்தது.

"மொதல்ல வந்தது நம்ம பெட்டி" என்று அப்பா ஆரம்பித்தார். "கணீர்னு இருந்துச்சு. ரெண்டாவது கொஞ்சம் அமுக்கினாப்ல."

"இல்லிங்க, ரெண்டாவதுதான் தேவலாம்" என்றார் அம்மா. "பக்கத்துல ஒக்காந்து வாசிச்ச மாதிரி."

சிட்டி மாமா கட்டைவிரலை உயர்த்தி, "யாங் கெடுவா, யாங் கெடுவா" என்று இரண்டாவதற்கே ஓட்டுப் போட்டார். முதல் வீணைக்கும் இரண்டாம் வீணைக்கும் இருந்த ஆறு வித்தியாசங்களை மலாயில் விளக்கவும் செய்தார். பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது.

சித்தப்பா நேராகச் சித்திக்கு எதிரே போய்க் குந்தினார். உதடு தெரியும்படி கேட்டார்.

"எது நல்லா இருந்துச்சு?"

சித்தி எங்கள் வீட்டு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. எதைப் பார்த்துத் தலையாட்டுவது?

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"நேத்துக் கேட்ட மாதிரி இல்லியா? ரெண்டாவதுகூடவா?"

சித்தி சிரிக்கப் பார்த்தார்கள். "இல்லீங்க" என்றார்கள். "இன்னைக்கு எதுவுமே சரியா விழல."

அப்பா தொடையைத் தட்டினார். "ஆச்சு! தீர்ப்பு வந்தாச்சு! டேய், வெளிய வாடா."

அந்தக் கூடத்தில் அன்று உண்மை பேசிய ஒரே ஆள் சித்தி. இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்த ஒரே ஆளும் அவர்கள்தான். எனக்கோ, சித்தியின் பதில் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று மட்டும்தான் பட்டது.

சித்தப்பா அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை போட்டிருந்தால் போதும், நான் மாட்டியிருப்பேன். அவர் பந்தயத்தில் தோற்றதாக நினைத்து வருந்தவில்லை. அந்தப் பெட்டிக்கும் எட்டாத இடத்துக்குச் சித்தியின் காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். சித்தியும் அப்படித்தான் நினைத்தார்கள். மறுநாளே அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார். ஊசி போயிருக்கிறது என்று கடைக்காரன் பணத்தைக் குறைத்துத்தான் கொடுத்தானாம். லாரி குலுக்கலில் போயிருக்கும் என்றார் சித்தப்பா. வீடே லாரிக்காரனைத் திட்டியது. நானும் திட்டினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

சித்திக்குக் காது முழுதாகப் போக அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆயிற்று. அந்த ஐந்தாறு வருஷமும் கூடத்தில் பாட்டு வைத்தால் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள். எங்களைப் பார்த்துத் தலையாட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். ஐந்தாறு வருஷப் பாட்டு. நண்பர் கேட்ட கேள்விக்கு இதை எந்தக் கணக்கில் வைத்துப் பதில் சொல்வது?

ஆனால் நான் சொல்லாமல் இருந்துவிடவில்லை. பந்தயம் நடந்த அன்று மாலையே சொன்னேன். காதுக்குள் அந்த 'டக்' கேட்டுக்கொண்டே இருந்தது, தாங்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும். அப்பாவிடம் சொன்னால் பெல்ட். அம்மாவிடம் சொன்னால் அப்பா. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன். சித்தி கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பின்னால் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு வாயை வைத்து முழுவதையும் சொன்னேன். சோடா மூடி, ஊசி, கல், போர்வை, ஒரே பெட்டியை இரண்டு தடவை போட்டது, ஒன்றையும் விடவில்லை. கிசுகிசுவென்று சொன்னேன். பக்கத்து அறையில் ஆட்கள் இருந்தார்களே என்பதற்காக என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சித்தி திரும்பி என் கன்னத்தைத் தட்டினார்கள். சிரித்தார்கள். "சரிடா, போயி வெளாடு" என்றார்கள்.

மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாரம் இறங்கியது. வாசலுக்கு ஓடினேன். கூடத்தில் சித்தப்பா மரப்பெட்டிக்கு மூடி போட்டு ஆணி அடிக்கத் தொடங்கியிருந்தார். முதல் அடிக்கு நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். சிட்டி மாமா வீட்டு நாய் குரைத்தது. அடுப்படி வாசலில் தெரிந்த சித்தியின் முதுகு அசையவில்லை. கைகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் விளையாடப் போனேன்.