வடையோடு போன கடைசிப் பக்கங்கள்

என் கணவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஃபைவ் எஸ் மட்டும் உண்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அதுதான் அவர் வேலை. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கம்பெனியோடு விட்டுவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும், வீட்டுக்கும் கொண்டு வருகிறார். என் அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம் என்று பெயர் ஒட்டியிருக்கிறது. கடுகைப் பார்த்தால் கடுகென்று தெரியாதா என்றேன். புதிதாக வரும் ஆளுக்குத் தெரிய வேண்டாமா என்றார். என் சமையலறைக்கு எந்தப் புது ஆள் வரப்போகிறாள் என்று விசாரித்தேன். அவர் வெந்தயத்துக்குப் பெயர் ஒட்டப் போய்விட்டார்.

இந்த வித்தையில் ரெட் டேக் என்று ஒன்று உண்டு. தேவையில்லை என்று தோன்றுகிற பொருளில் சிவப்பு அட்டையைக் கட்டித் தனியாக வைத்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் யாராவது வந்து இது என்னுடையது, வேண்டும் என்று கேட்டால் அது பிழைக்கும். கேட்காவிட்டால் ஸ்கிராப். போன வருடம் மாடிப்படிக்குக் கீழே இருந்த என் தகரப் பெட்டியைக் காணவில்லை.

"டேக் கட்டி ஒரு மாசம் வச்சிருந்தேன்லா. நீ க்ளைம் பண்ணலியே," என்றார். திருநெல்வேலிக்காரர். தப்பு செய்தால் அந்த 'லா' கொஞ்சம் நீளும்.

"என் பெட்டிய நான் எதுக்குங்க க்ளைம் பண்ணணும்?"

"ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். என் பழைய ஹெல்மெட்டையும்தானே போட்டேன்."

அட்டையை நானும் பார்த்தேன். கரண்ட் பில் சம்பந்தமாக ஏதோ தொங்கவிட்டிருக்கிறார் என்று நினைத்து, தினமும் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறேன். உள்ளே இருந்தவை நானும் என் தம்பியும் சின்ன வயதில் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்கள். பழைய பேப்பர்காரர் தராசில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சேர்த்தவை என்றால் கடையில் வாங்கிச் சேர்த்தவை இல்லை. அப்பா வல்லக்கோட்டை போகிற சாலையில் டீக்கடை வைத்திருந்தார். அப்போது இந்தப் பக்கம் கம்பெனி எதுவும் வரவில்லை. கிருத்திகைக்கு முருகனைப் பார்க்கப் போகிற கூட்டமும் லாரிக்காரர்களும்தான் வியாபாரம். வடை மடித்துக் கொடுக்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதில் காமிக்ஸும் இருக்கும். கைக்கடக்கமான அந்தத் தாள், ஒரு பக்கத்துக்கு இரண்டு வடை என்று கணக்காகப் பொருந்தும். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, மிச்சம் இருப்பதை நாங்கள் காப்பாற்றுவோம். அப்பா புத்தகத்தைக் குப்புற வைத்துப் பின்பக்கத்திலிருந்து கிழிப்பார். அதனால் எங்களிடம் இருந்த எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது. கொலைகாரன் யார் என்பதை யாரோ ஒரு லாரிக்காரர் எண்ணெய்க் கையோடு கசக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார்.

முன்பக்கத்திலிருந்து கிழியுங்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை மனு கொடுத்தோம். முன்பக்கம் அட்டை வழவழவென்று இருக்கிறது, எண்ணெய் இழுக்காது என்றார். நியாயம்தான். ஆகவே முடிவுகளை நாங்களே செய்துகொண்டோம். இரவு படுத்துக்கொண்டு ஆளுக்கொன்று சொல்வோம். எது நன்றாக இருக்கிறதோ அதுவே அந்தப் புத்தகத்தின் முடிவு என்று தீர்மானமாகிவிடும்.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் தீர்மானம் ஆகவில்லை. அது ஒரு கப்பல் கதை. கேப்டனின் முத்துப் பெட்டி காணாமல் போகிறது. பல வருடம் கூடவே இருந்த துணைமாலுமியின் மேல் அவருக்குச் சந்தேகம் வருகிறது. அவன் அறையில் பெட்டி கிடைக்கிறது. பூட்டை உடைத்து மூடியைத் தூக்குகிறார். அதோடு எங்கள் புத்தகம் முடிந்தது. மாலுமி நல்லவன், யாரோ மாட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. அவன்தான் திருடன் என்பது தம்பியின் கட்சி. அதற்காக அடித்துக்கொண்டிருக்கிறோம், ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகும் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது. எதிலும் விட்டுக்கொடுக்கிற ஜாதகமே அவனுக்கு இல்லை.

பிறகு போனும் நின்றது. அப்பா கடைசிக் காலத்தில் கடை இருந்த இடத்தை விற்றார். இப்போது அங்கே ஒரு லாட்ஜ் இருக்கிறது. முழங்கால் வலியில் அவரால் நிற்க முடியவில்லை, அவராக எடுத்த முடிவு. நான்தான் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் மனதைக் கலைத்தேன் என்று தம்பி நினைத்தான். அப்பா போன பிறகு, காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்லவும் செய்தான். நான் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. அதன்பின் பொங்கலுக்கு ஒரு பானைப் படம், தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம், வாட்ஸ்அப்பில் வரும். நானும் ஒரு பானை, ஒரு விளக்கு அனுப்புவேன். பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பிரிக்காமல் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவனுக்கும் எனக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சொல்லாமல் இருக்க முடியாது. போன் செய்தேன்.

"இன்னாக்கா?" என்றான், ஆபீசில் பேசுகிற குரலில்.

சொன்னேன்.

"அந்தக் கப்பல் பொஸ்தகமுமா?"

"அதுவுந்தான்டா."

"எவன்க்கா தூக்கினு போனது?"

"ஒன் மாமாதான். சிவப்பு அட்ட கட்டி, ஒரு மாசம் டைம் குடுத்து."

சிரித்தான். எத்தனையோ வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"மாமாவாண்ட சொல்லு, எல்லாத்தியும் திரும்பச் சேத்துக் குடுக்கணும்னு."

கணவர் இதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டார். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் கிடைக்கும் என்பது அவர்கள் கம்பெனியின் நம்பிக்கை. முதல் ஏனிலேயே மூலகாரணம் நீங்கதான் என்றேன். பழைய பேப்பர் கடைக்கு ஓடினார். எல்லாம் மில்லுக்குப் போய்விட்டதாம். பழைய காமிக்ஸ் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்தார். அங்கே எல்லாரும் இதழ் எண், அட்டையின் நிறம், மறுபதிப்பு என்று பேசுகிற பெரிய ஆட்கள். எங்களுக்கோ தலைப்பே தெரியாது. நாங்கள் வைத்த பெயர்தான் தெரியும்: பல்லுப் புத்தகம், கிணத்துப் புத்தகம், ஒட்டகப் புத்தகம்.

தம்பியும் நானும் தினமும் போனில் கதையை ஞாபகப்படுத்துவோம். கணவர் அதைக் குழுவில் போடுவார். ஒட்டகம் வில்லனைக் கடித்தே கொல்லும் கதை என்று போட்டார். அப்படி ஒரு கதை தமிழில் வந்ததே இல்லை என்றார் ஒரு பெரியவர். என் மனைவி படித்திருக்கிறாள் என்று இவர் மல்லுக்கு நின்றார். சண்டை நன்றாக வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒட்டகம் கடித்தது தம்பி செய்த முடிவு. புத்தகத்தில் அந்த ஒட்டகம் சும்மா ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். இப்படி வராத கதைகளைத் தேடச் சொல்லியே குழுவைப் பாடாய்ப் படுத்தினோம். எது அச்சில் இருந்தது, எது எங்கள் பாயில் பிறந்தது என்று எங்களுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

இருந்தாலும் மெதுவாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாக, முழுசாக, கடைசிப் பக்கத்தோடு. பெரும்பாலான முடிவுகள் சப்பென்று இருந்தன. பல்லுப் புத்தகத்தில் போலீஸ் வந்து கைது செய்துவிட்டுப் போகிறது. இதற்கா இத்தனை வருடம் என்று இருந்தது.

கடைசியாகக் கப்பல் கதை வந்தது. "கம்ப்ளீட்டா இருக்கு, செக் பண்ணிட்டேன்," என்று கணவர் நீட்டினார். பக்கங்களை எண்ணியிருக்கிறார், படிக்கவில்லை. அவர் காமிக்ஸ் படிக்க மாட்டார். நானும் பிரிக்கவில்லை. தம்பி வந்த பிறகுதான் என்று அலமாரியில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றான். நானும் என்ன பேசுவதென்று தெரியாமல், மீன் வாங்கியிருக்கிறேன் என்றேன். சமையலறையில் நான் மீன் கழுவிக்கொண்டிருக்க, அவன் கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான்.

"கடைசிக்குப் போவட்டா?"

"போ. சத்தமா படி. என் கையில மீன் கீது."

பக்கத்தைப் புரட்டினான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"பொட்டிய தொறக்கறான். உள்ள முத்து இல்ல, வெறும் கல்லு. வேற எவனோ எடுத்துனு போய்ட்டு, பொட்டிய இவன் ரூம்ல வச்சிக்கீறான். கேப்டன் மாலுமிகிட்ட வந்து நிக்கறான். இத்தினி வருசம் கூடவே இருந்தும் ஒன்ன சந்தேகப்பட்டுட்டேன், அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டேன், பெரிய தப்பு, மனசுல வச்சுக்காத அப்டீன்றான். அவ்ளோதான்க்கா. முடிஞ்சிடுச்சி." புத்தகத்தை மூடினான். "நீ சொன்னதுதான் கரீட்டு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பவே சொன்னேன் பார் என்று மீனைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன். அவன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டான். சாயங்காலம் கணவர் அவனை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏற்றப் போனார்.

அவர்கள் போன பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஜெயித்த கதையை ஒருமுறை கண்ணால் பார்ப்போம் என்று புத்தகத்தை எடுத்தேன். பெட்டியில் கல் இருந்தது, உண்மை. அதற்கடுத்த படத்தில் மாலுமி ஒரு படகில் போகிறான். மடியில் முத்து மூட்டை. 'முட்டாள் கேப்டனே, வருகிறேன்' என்று செந்தமிழில் ஒரு வசனம். பக்கத்தில் 'முற்றும்' என்று போட்டிருந்தது. கேப்டன் யாரிடமும் வந்து நிற்கவில்லை.

தம்பிதான் சரி. சின்ன வயதிலிருந்தே அவன்தான் சரி. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத பக்கத்தை எனக்குப் படித்திருக்கிறான். புத்தகத்தில் எல்லாரும் செந்தமிழ் பேசும்போது கேப்டன் மட்டும் ஏன் எங்கள் பாஷையில் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கம் என்ன, வீட்டில் யாரும் இல்லை.

ஓசூர் போய்ச் சேர்ந்து போன் செய்தான்.

"வூட்டுக்கு வந்துட்டேன்க்கா." கொஞ்சம் இழுத்தான். "அந்தப் பொஸ்தகத்த பாத்தியா?"

"பாத்தேன்டா. நீ படிச்ச மாதிரியேதான் கீது."