எதிர்த்துப் பேச அம்மன் கொடுத்த வாய்

ஆரணியில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தேன். இன்று என் வீட்டில் ஆறு பட்டுத்தறிகள் இருக்கின்றன. காலி மனையில் நானே அஸ்திவாரம் தோண்டி மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வராதபோது, நகராட்சி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து வரவழைத்தவனும் நான்தான். எங்கள் வம்சத்தில் முதல் நர்ஸ் என் மகள் பூங்கொடி. அவளைப் படிக்க வைத்ததும் நான். இவ்வளவும் செய்த என் கையால் ஆகாத ஒன்று வந்தது. அதை நம் அம்மன் தீர்த்து வைத்தாள். அதைச் சொல்லத்தான் இந்த ஆடித் திருவிழா மலரில் எழுதுகிறேன்.

பூங்கொடிக்கு ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை சொல்லியிருந்தார்கள். அதற்கு அந்த நாட்டு பாஷை தெரியும் என்று சர்டிபிகேட் வேண்டும். இரண்டு வருடம் படித்தாள். வேலூரில் பாதி, போனில் பாதி. படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் முதல் தடவையே பாஸ். பேசுகிற பரீட்சையில் மட்டும் பெயில். மறுபடி எழுதினாள், மறுபடியும் பெயில். பங்குனிக்குள் சர்டிபிகேட் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அந்த ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

இரண்டாவது தடவை தோற்று வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம்.

"இன்னாடி, ரெண்டு வருஷமா படிச்சிகினு கீற, அங்க போய் வாயில வெத்தல மென்னுகினு இருந்தியா?"

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று நான் உடைந்துபோனேன்.

தை மாதம் மூன்று வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். மகள் பாஸானால் என் கையாலேயே ஒரு பட்டுப்புடவை நெய்து சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாவது வெள்ளி என்னால் பொறுக்க முடியவில்லை. சன்னதியில் நின்று கத்திவிட்டேன்.

"மூணு வாரமா கேட்டுகினு கீறேன், ஒரு பதில் சொல்ல மாட்டியா? கம்முனு உக்காந்துகினு இருந்தா இன்னா அர்த்தம்?"

பூசாரி திகைத்துப் போனார். பக்கத்தில் என் மனைவி சரோஜா. முப்பது வருடத்தில் எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லாதவள். அவள் சொன்னாள்:

"அம்மன் கிட்டயே சண்ட போடறீங்க. உங்க கிட்ட நம்ம வூட்ல யாருனா ஒரு வார்த்த எதுத்துப் பேசி இருக்கோமா? பரீட்சையில அதத்தாங்க கேக்கறாங்களாம்!"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பரீட்சை எழுத வந்த இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பார்களாம். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துக் காரணம் சொல்ல வேண்டுமாம். இரண்டு தடவையும் பூங்கொடிக்கு எதிரே வந்தவர் வயதில் பெரியவர். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று இவள் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். பாஷை தெரியாமல் தோற்கவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரோஜா தானாக அப்படிப் பேசுகிறவள் இல்லை. பேசியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டுப் பூங்கொடியைக் கூப்பிட்டேன்.

"நைனா, உங்க எதுருலயா? நாற்காலிலயா?"

"உக்காரு. அம்மன் உத்தரவு. நான் தமிழ்ல சொல்றத நீ ஜெர்மன்ல தப்புன்னு சொல்லணும்."

ஊருக்குள் காரே விடக்கூடாது என்றேன். இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு, "நீங்க சொல்றது சரிதான் நைனா" என்று முடித்துவிட்டாள். மூன்று நாள் இதே கதை.

"தப்புன்னு சொல்லுடி!"

"சரி நைனா."

சமையல்கட்டில் சரோஜா சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான்காம் நாள் வேண்டுமென்றே சொன்னேன். "பொம்பளப் புள்ளைங்க வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறதே தப்பு."

தலையை நிமிர்த்தினாள். ஜெர்மனில் கொட்ட ஆரம்பித்தாள். நான் குரலை உயர்த்தினேன், அவளும் உயர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, பொண்ணு அந்தத் திட்டு திட்டுது, சும்மா உக்காந்துகினு கீறீங்க?"

"திட்டட்டும்பா. நீ போய் உன் வேலயப் பாரு."

ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. கடைசியில் மட்டும் தமிழில் சொன்னாள்.

"ப்ளஸ் டூ முடிச்சதும் என்னக் கேக்காம மாப்பிள்ள பாத்தீங்க. டீச்சரு வூட்டுக்கு வந்து கேட்டதாலதான் என்னப் படிக்க வுட்டீங்க. அது தப்பு நைனா."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவள் சொன்னது நிஜம். மறுநாள் மறுபடி நாற்காலி போட்டேன். பரீட்சை வரைக்கும் ஒரு நாள்கூட விடவில்லை.

மாசியில் சென்னையில் பரீட்சை. நான் வெளியே மரத்தடியில் அம்மனைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையும் அவளுக்கு எதிரே நரைத்த மீசைக்காரர் ஒருவர். வெளியே வந்ததும் சொன்னாள்:

"மொதல்ல வாயே வரல நைனா. அப்புறம் அவர உங்களாட்டம் நெனச்சிகினேன். கடகடன்னு வந்துடுச்சி."

பங்குனி பிறப்பதற்குள் ரிசல்ட் வந்தது. பாஸ்! சித்திரையில் விமானம் ஏறினாள். இப்போது அந்த ஆஸ்பத்திரியில், பெரிய டாக்டர் எழுதிய மருந்தில் சந்தேகம் வந்தாலும் நேராகக் கேட்டுவிடுகிறாளாம். நானும் பத்து வருடம் கழித்துத் தறியில் உட்கார்ந்து, அரக்கு நிறத்தில் புடவை நெய்து அம்மனுக்குச் சாத்திவிட்டேன்.

காலியான நாற்காலியில் இப்போது சரோஜா உட்காருகிறாள். நான் சொல்வதில் பாதி தப்பு என்கிறாள். பேஜாராகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். முன்பு கேட்டதில்லை.

குறை உள்ளவர்களே, அம்மனிடம் கேளுங்கள். கோபம் வந்தால் சண்டைகூடப் போடுங்கள், அவள் பொறுப்பாள். பதில் கருவறைக்குள்ளிருந்துதான் வரும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் வாயிலும் வரும். காது கொடுங்கள்.

விழாக் குழுவுக்கு ஒரு வார்த்தை. புடவை சாத்திய அன்று, "அம்மன் அருளால் பூங்கொடி தேர்ச்சி பெற்றார்" என்று மைக்கில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அருள் அம்மனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் எதிரே உட்கார்ந்து, புரியாத பாஷையில் மகளிடம் திட்டு வாங்கியது நான். ஆடி வெள்ளியன்று அதையும் மைக்கில் சொல்ல வேண்டும்.