கெட்டி லென்ஸ் சிவப்பிரகாசம்

நாக்கு நுனியில் லென்ஸை வைத்து ஒரு தடவை புரட்டிவிட்டுத்தான் சிவப்பிரகாசம் கண்ணில் போட்டுக்கொள்வார். "மெட்ராஸ்ல இதுக்குன்னு தனியா ஒரு தண்ணி விக்கறான். அதைத் தூக்கிகினு கிரவுண்டுக்கு வர முடியுமா?" என்பார்.

ஆரணிப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. மாலையானால் பூப்பந்து. கிட்டப்பார்வை மோசம், கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவர் முகமே புகை. போட்டுக்கொண்டு ஆடினாலோ வியர்வையில் வழுக்கி விழுந்து உடையும். எழுபத்தொன்பதாம் வருஷம் சென்னைக்குப் போய் அந்தக் கெட்டி லென்ஸை வாங்கி வந்த பிறகு, அவர் அடிக்கு வந்தவாசி வரை பெயர்.

லென்ஸ் தெறித்தால் ஆட்டம் நிற்கும். "யாரும் காலைத் தூக்காதீங்கப்பா!" என்று அவர் கத்த, இரண்டு அணியும் மண்டியிட்டு மண்ணைத் தடவும். பல நாள் கழற்றாமலே தூங்கிவிடுவார்.

"கண்ணு மொளகா அரைச்சுப் பூசினாப்பல கீது. கழட்டி வையுங்களேன்" என்பாள் மனைவி ரேணுகாம்பாள்.

"களம்பூர் மேட்ச் முடியட்டும்."

களம்பூரோடு ஆடியபோது இடது லென்ஸ் புழுதியில் விழுந்தது. வழக்கம்போல் நக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய ஆடி முடித்தார். ஜெயித்தார்கள். மறுநாள் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"எதுல கழுவுவீங்க?" என்று வேலூர் டாக்டர் கேட்டார். சிவப்பிரகாசம் நாக்கைக் காட்டினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. பகலும் இரவும் மணிக்கொருதரம் ரேணுகாம்பாள் சொட்டு மருந்து விட்டாள். புண் ஆறிற்று; தழும்பு கருவிழி நடுவிலேயே நின்றுவிட்டது. இடது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். இனி லென்ஸ் கூடவே கூடாது.

ஊர் திரும்பியவர் கிரவுண்டுப் பக்கமே போகவில்லை. சங்கம் விட்டால் வீடு. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கடைசியில் ரேணுகாம்பாள்தான் அவருடைய கண்ணாடிக் காம்புகளில் நாடாவைக் கட்டி நீட்டினாள்: "எழுந்து போங்க. நீங்க இப்டி உக்காந்துகினு கீறது எனக்குப் பேஜாரா கீது."

இந்தத் தை மாதம் மறுபடியும் களம்பூர். எதிரணித் தலைவர் பலராமன் தன் ஆளிடம் சொன்னது வலைக்கு இந்தப் பக்கமும் கேட்டது: "அவருக்கு இடது பக்கமாப் போடு. தெரியாது."

சிவப்பிரகாசம் கோபப்படவில்லை. நடுவில் நின்றவர் நகர்ந்து நகர்ந்து இடது ஓரக் கோட்டை ஒட்டிப் போய் நின்றார். அவருக்கு இடப்புறம் இருந்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே போயிற்று. ஆடுகளம் முழுவதும் வலது கண்ணுக்குள் வந்தது. மட்டையை உயர்த்தினார்.

"உம், போடுப்பா."